வீட்டுக் கம்பி, ஊர்க் கம்பி

சென்னைக்கு மேற்கே வானகரம், அயனம்பாக்கம், திருவேற்காடு, அம்பத்தூர் என்று எந்த ஊரின் பழைய தெருவில் நடந்தாலும் ஓர் இரும்புப் பெட்டி கண்ணில் படும். துருப்பிடித்து, மேலே சுவரொட்டி ஒட்டப்பட்டு, டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் சின்னப் பெட்டி ஒன்று, மூடி கழன்று, உள்ளிருந்து கறுப்புக் கம்பிகள் தொங்க, மாட்டியபடியே இருக்கும். மனிதன் கட்டிய மிகப் பெரிய இயந்திரங்களில் ஒன்றின் கைகால்கள் இவை. உலகம் முழுக்கப் பரவி, ஒரே சமயத்தில் கோடிக்கணக்கானோரைப் பேசவைத்த அந்த இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பெயர் உண்டு. லூப், டி.பி., எம்.டி.எஃப்., ஜங்ஷன், டாண்டம், ட்ரங்க், எர்லாங் என்று நீளும் அந்தப் பட்டியல் முதலில் மிரட்டும். ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும். இந்த உறுப்பு உங்களுக்கு மட்டும் உரியதா, ஊருக்கே பொதுவா?

வானகரத்தில் ஒரு வீடு. அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் பேச வேண்டும். வீட்டுச் சுவரில் போன் வயர் வந்து முடியும் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்கு ரோசெட் என்று பெயர். அங்கிருந்து வாசல் தாண்டிக் கம்பம் வரை தொங்குவது டிராப் வயர். கம்பத்துப் பெட்டி டி.பி., அதாவது டிஸ்ட்ரிப்யூஷன் பாயின்ட். பெரும்பாலும் பத்து வீடுகளின் ஜோடிகள் அங்கே ஒன்றுகூடும். டி.பி.யிலிருந்து கேபிள் மண்ணுக்குள் இறங்கி பில்லர் என்னும் சிறிய இரும்புப் பெட்டிக்கும், அங்கிருந்து கேபினட் என்னும் பெரிய பெட்டிக்கும் போகும். கேபினட்டிலிருந்து நூற்றுக்கணக்கான ஜோடிகள் அடங்கிய தடித்த கேபிள் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும்.

இத்தனை பெட்டிகளைக் கடந்தாலும் அந்த வீட்டுக்கு உரிய இரண்டு செம்புக் கம்பிகள் வேறு யாருடைய கம்பியோடும் சேருவதில்லை. வழியில் எங்கும் சுவிட்ச் கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஜோடியை ஜோடியோடு நிரந்தரமாக முடிந்துவைத்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கம்பியில் கிளம்பும் மின்சாரம் போனுக்குள் சுற்றி மறு கம்பி வழியே திரும்பிவிடுவதால் இந்தப் பகுதிக்கு லோக்கல் லூப் என்று பெயர். நீங்கள் தூங்கும்போதும், வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பதி போயிருக்கும்போதும், அது உங்களுக்காகவே சும்மா கிடக்கும். பழைய டெலிபோன் வலையில் சந்தாதாரருக்கென்று முழுசாக ஒதுக்கப்பட்ட சொத்து இது ஒன்றுதான். அதனாலேயே வலையின் மிகச் செலவான பகுதியும் இதுவாகிவிட்டது.

செம்பு லைன் இன்னும் உயிரோடு இருக்கும் வீடாக இருந்தால், இதை நேரில் பார்க்கலாம். ரோசெட்டைத் திறந்து, இரண்டு திருகாணிகளில் மல்டிமீட்டரின் முனைகளை வையுங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது ஏறக்குறைய 48 வோல்ட் காட்டும். எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையில் இரண்டு வோல்ட் ஈய-அமில செல்கள் 24 வரிசையாக இருப்பதால் வரும் எண் அது. பேட்டரியின் நேர்முனையைத்தான் பூமியோடு இணைத்திருப்பார்கள். லைனுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், ஈர மண்ணில் கிடக்கும் செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படுவது குறையும். ஏரியும் கூவமுமாக நீர் ஊறும் நம் பகுதிக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது ரிசீவரைத் தூக்குங்கள். மீட்டர் சட்டென்று பத்து வோல்ட்டுக்கும் கீழே விழும். கொக்கி மேலெழுந்ததும் போனுக்குள் சுற்று மூடி, லூப்பில் சில பத்து மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. எக்ஸ்சேஞ்சுக்குக் கிடைக்கும் முதல் சேதி அந்த மின்னோட்டமே. யாரோ பேச விரும்புகிறார் என்று தெரிந்துகொண்டு அது டயல் டோன் அனுப்புகிறது. இந்தியாவில் அது 400 ஹெர்ட்ஸ் ஒலி, 25 ஹெர்ட்ஸால் அதிரவைக்கப்பட்டது. அந்த ஙொய்ங் ஒலியின் கரகரப்பு இதனால் வருகிறது. அழைப்பு வரும்போது நிலைமை வேறு. மணியடிக்க ஏறத்தாழ 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை எக்ஸ்சேஞ்ச் லைனில் ஏற்றும். கம்பி முடிந்துகொண்டிருக்கும் லைன்மேன் விரல் வைத்திருக்கும் நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டுவிட்டால் சுளீரென்று அடிக்கும்.

லூப்பின் நீளத்துக்கு எல்லை உண்டு. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு ஜோடிக்கு, போய்வரும் தூரத்தையும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம் மின்தடை. ஐந்து கிலோமீட்டர் போனால் 900 ஓமை நெருங்கும். மொத்தத் தடை ஆயிரத்துச் சொச்சம் ஓமைத் தாண்டினால் போதிய மின்னோட்டம் கிடைக்காமல், ரிசீவர் எடுத்ததே எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாமல் போகலாம், குரலும் மங்கும். நகரத்தின் நடுவே இது பிரச்சினையே இல்லை. ஊர் விளிம்பில், வயலாக இருந்த இடமெல்லாம் நகர் நகராக மனை போட்டு விற்ற இடத்தில், எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் முதல் கவலையாக இருந்தது. வீடுகள் முதலில் வந்தன, கேபிள் பின்னால் வந்தது. இந்த மேற்குப் புறநகர்களில் கனெக்‌ஷனுக்கு மனுப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு எதிரே நின்ற தடை, பல சமயம் எக்ஸ்சேஞ்சில் எண் இல்லாததல்ல. அவர்கள் தெருவின் டி.பி.யில் காலி ஜோடி இல்லாதது.

அந்த ஜோடிகளை அடையாளம் காண வண்ணங்கள். முதல் ஜோடி வெள்ளையும் நீலமும், இரண்டாவது வெள்ளையும் ஆரஞ்சும், பிறகு பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளை முடிந்தால் சிவப்பு, அப்புறம் கறுப்பு, மஞ்சள், ஊதா. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று முறுக்கிச் செல்லும். பக்கத்து ஜோடியின் முறுக்கு வேறு இடைவெளியில் இருக்கும். அப்படி முறுக்காவிட்டால் ஒரு லைனின் பேச்சு அடுத்த லைனில் கசியும். நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான ‘கிராஸ் டாக்’ அதுதான். கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் புகாமலிருக்க ஜெல்லி நிரப்பிய கேபிள் பின்னாளில் வந்தது. ஆனாலும் கேபிளை இணைத்த ஜாயின்ட் பலவீனமான இடம்தான். மழைக்காலத்தில் ஜாயின்ட்டில் நீர் இறங்கினால் முதலில் கரகரப்பு, பிறகு அடுத்த வீட்டுப் பேச்சு, கடைசியில் லைன் டெட். சாலை அகலப்படுத்த ஜே.சி.பி. வாளி ஒருமுறை இறங்கினால் நூற்றுக்கணக்கான ஜோடிகள் ஒரே வீச்சில் அறுந்துபோகும். குழிக்குள் உட்கார்ந்து, நிறம் பார்த்து, ஒவ்வொரு ஜோடியாகத் திரும்ப முடிந்த ஊழியர்களின் உழைப்பை நாம் போதிய அளவு மதித்ததில்லை என்றே நினைக்கிறேன். 198-க்குப் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நமக்கு, மறுமுனையில் நடந்த வேலை கண்ணில் படவில்லை.

எக்ஸ்சேஞ்சுக்குள் கேபிள் வந்து முடியும் இடம் எம்.டி.எஃப்., மெயின் டிஸ்ட்ரிப்யூஷன் ஃப்ரேம். தரையிலிருந்து கூரைவரை இரும்புச் சட்டம். ஒரு பக்கம் தெருவிலிருந்து வரும் ஜோடிகள், மறுபக்கம் எக்ஸ்சேஞ்ச் கருவியின் எண்கள். இரண்டையும் ஜம்பர் என்னும் மெல்லிய கம்பி இணைக்கும். வீடு மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள முடிந்தது இந்த ஜம்பரை மாற்றியதால். மின்னல் தாக்கினால் மின்சாரத்தைப் பூமிக்குத் திருப்பிவிடும் காப்புக்குழல்களும் இங்கேதான். தனிச்சொத்து இந்தச் சட்டத்தோடு முடிகிறது. இதற்கு அப்பால் எல்லாமே பங்கு.

பங்கு போடும் வேலையை முதலில் மனிதர்கள் செய்தார்கள். 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று நகரங்களின் எக்ஸ்சேஞ்சுகளும் முறைப்படி திறந்துவைக்கப்பட்டன. மதராஸின் எக்ஸ்சேஞ்ச் எர்ரபாலு செட்டி தெருவில் இருந்தது. பலகையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையும் ஒரு சந்தாதாரர்; இரு முனையிலும் பிளக் உள்ள கயிற்றால் ஆபரேட்டர் ஒரு துளையை இன்னொன்றோடு இணைப்பார். பலகையில் இருபது கயிறு இருந்தால் ஒரே நேரத்தில் இருபது உரையாடல்தான். இருபத்தோராவது ஆள் காத்திருக்க வேண்டும். பின்னாளில் வந்த எந்தத் தானியங்கி எக்ஸ்சேஞ்சும் இந்த விதியிலிருந்து தப்பவில்லை. கயிற்றின் எண்ணிக்கை கூடியது, அவ்வளவுதான்.

ஆபரேட்டரை இயந்திரமாக்கியவர் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர். 1891-இல் அவர் காப்புரிமை பெற்ற சுவிட்சைப் போனிலிருந்து வரும் துடிப்புகளே நகர்த்தின. வட்ட டயலில் 5-ஐச் சுழற்றிவிட்டால், அது திரும்பும்போது லூப்பை ஐந்து முறை துண்டித்துச் சேர்க்கும், நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற வேகத்தில். பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் எக்ஸ்சேஞ்சில் ஓர் இரும்புக் கை ஒரு படி ஏறும். 1948-இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் இந்த ஸ்ட்ரௌஜர் கருவிகளைப் பல்லாண்டுகள் தயாரித்தது. பிறகு வந்த பொத்தான் போன் துடிப்பை விட்டுவிட்டு இரட்டை ஒலிக்கு மாறியது. 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் ஒன்றாகக் கேட்கும். ஒற்றை ஒலியாக இருந்தால் யாராவது விசிலடித்தாலும் எண் என்று ஏமாறும் ஆபத்து உண்டு, அதனால்தான் இரண்டு.

எண்ணும் ஒரு முகவரிதான், இடமிருந்து வலமாகக் குறுகிக்கொண்டே வரும். 044 என்றால் சென்னை. அடுத்து வரும் 2, பி.எஸ்.என்.எல். எண் என்று சொல்லும். 4 என்றால் ஏர்டெல். அதற்கடுத்த மூன்று இலக்கங்கள் எக்ஸ்சேஞ்சைக் காட்டும். பூந்தமல்லிப் பக்கம் 2627, அம்பத்தூர் எஸ்டேட்டில் 2625, ஆவடியில் 2655 என்று தொடங்கும் எண்களை இங்கே கடைப் பலகைகளில் இன்றும் பார்க்கலாம். மிச்சம் நான்கு இலக்கம் உங்களுடையது. ஆக ஒரு தொகுதிக்குப் பத்தாயிரம் எண்கள். திருவள்ளூர் தனி எஸ்.டி.டி. கோடிலிருந்து 044-க்குள் வந்தபோது 27 என்ற தொடக்கத்தைப் பெற்றது. ஊரின் எல்லை அரசாணையில் மாறுவதற்கு முன்பே டெலிபோன் எண்ணில் மாறிவிடுவதுண்டு. வானகரம் ஊராட்சியாகவே நீடித்த ஆண்டுகளில் அதன் போன் சென்னையுடையதாக இருந்தது.

வானகரத்து வீடும் அம்பத்தூர்ப் பட்டறையும் வேறு வேறு எக்ஸ்சேஞ்சில் இருந்தால், இரண்டையும் இணைக்கும் கம்பித்தடத்துக்கு ஜங்ஷன் என்று பெயர். ஒவ்வோர் எக்ஸ்சேஞ்சுக்கும் மற்ற எல்லாவற்றோடும் நேரடி ஜங்ஷன் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் நடுவில் ஒரு டாண்டம் எக்ஸ்சேஞ்ச். அதற்குச் சந்தாதாரர் யாரும் இல்லை, மற்ற எக்ஸ்சேஞ்சுகளை இணைப்பது மட்டுமே அதன் பணி. வெளியூர் என்றால் டாக்ஸ் எனப்படும் ட்ரங்க் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச். அது வருவதற்கு முன் 180-ஐ அழைத்து ட்ரங்க் கால் பதிய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என மூன்று வரிசை. அவசரத்துக்கு ஏற்பக் காசு ஏறும். 1960-இல் லக்னோ–கான்பூர் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. வந்தது, அதன்பின் மெல்ல மெல்ல ஆபரேட்டரின் குரல் நம் வாழ்விலிருந்து விலகியது.

ஜங்ஷன் எத்தனை போட வேண்டும்? இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர் 1909-லும் 1917-லும் இதற்கு விடை எழுதினார். ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அந்தச் சுமை ஓர் எர்லாங். நெரிசல் மிகுந்த மணி நேரத்தில் ஒரு வீடு மூன்று நிமிடம் பேசுகிறது என்றால் 0.05 எர்லாங். அப்படி நூறு வீடு சேர்ந்தால் 5 எர்லாங். சராசரியாக எந்த நொடியிலும் ஐந்து பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஐந்து தடம் போதுமா? போதாது. சராசரி ஐந்து என்றால், சில நொடிகளில் ஒன்பது பேர், பத்துப் பேர்கூடப் பேசுவார்கள். நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தோற்கக் கூடாது என்றால் 11 தடம் வேண்டும் என்கிறது எர்லாங் சூத்திரம். ஆயிரம் வீடு, 50 எர்லாங் என்றால்? 110 என்று நினைப்போம். 64 போதும். கூட்டம் பெருகப் பெருக ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், பத்து மடங்கு வீடுகளுக்கு ஆறு மடங்கு தடம்கூடத் தேவைப்படவில்லை. டாண்டம் என்ற ஏற்பாட்டின் நியாயமும் இதில் இருக்கிறது: சிறு சிறு கூட்டங்களின் சுமையை ஒரே பெரும் பாதையில் சேர்த்தால் தடம் மிச்சம்.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. அறுபதுகளில் பெல்ஜியத்திலிருந்து உரிமம் வாங்கிக் கொண்டுவந்த பெண்டாகாண்டா கிராஸ்பார் எக்ஸ்சேஞ்சுகள் இங்கே திணறின. அவை வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் நாட்டின் அளவான பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. இங்கே ஒரு போனைத் தெருவே பயன்படுத்தியது. விசிட்டிங் கார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருந்தால் அது பக்கத்து வீட்டுப் போன். போன் குறைவு; ஆனால் ஒவ்வொரு லைனின் எர்லாங்கும் அதிகம். 1984-இல் உருவான சி-டாட் என்னும் அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், இந்தியப் பேச்சையும் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏ.சி. இல்லாமல் இயங்கும் சிறு எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் பொருத்தப்பட்டது. எஸ்.டி.டி. கட்டணமும் இதே கணக்கின் விளைவுதான். இரவு பதினொரு மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம் என்று வைத்ததால் மஞ்சள் பலகை பூத்துகளில் நள்ளிரவில் வரிசை நின்றது. பகலில் எஸ்டேட் கம்பெனிகள் நிறைத்திருந்த அதே ட்ரங்க் தடங்களை இரவில் குடும்பங்கள் நிறைத்தன.

அழைப்பு எங்கே நின்றது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று. முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி ஓய்ந்தால், நீங்கள் அழைத்தவரின் லூப் உபயோகத்தில் இருக்கிறது, அவர் பேசிக்கொண்டிருக்கிறார். கால் நொடி ஒலித்துக் கால் நொடி ஓய்ந்து படபடவென்று வந்தால், அவர் போன் சும்மாதான் இருக்கிறது. நடுவில் உள்ள பொதுத்தடங்கள் நிரம்பிவிட்டன. முதலாவது வந்தால் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். இரண்டாவது வந்தால் உடனே மறுபடி டயல் செய்யலாம், அதற்குள் ஒரு தடம் காலியாகியிருக்கும். இரண்டையும் நாம் ‘எங்கேஜ்ட்’ என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டோம்.

எண்பதுகளுக்குப் பிறகு எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டல் ஆனபோது தடம் என்பது கம்பியாக இருப்பதை விட்டு நேரத்துண்டாக மாறியது. குரலில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எடுத்துக்கொண்டு, நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டாக எழுதினால் நொடிக்கு 64,000 பிட். இப்படி 32 துண்டுகளை அடுக்கினால் இ-ஒன் என்னும் ஒரு தடக்கட்டு. அதில் 30 பேச்சுக்கு, மீதி இரண்டு ஒழுங்கமைப்புக்கும் சமிக்ஞைக்கும். மேலே சொன்ன ஆயிரம் வீட்டுக்கு 64 தடம் என்றால் மூன்று இ-ஒன். போனில் ‘ஸ’வும் ‘ஃப’வும் குழம்புவதற்கும் காரணம் அந்த 3400 ஹெர்ட்ஸ் வரம்புதான், அவற்றை வேறுபடுத்தும் சீறல் அதற்கு மேலேதான் பெரிதும் இருக்கிறது.

அதே செம்பு ஜோடியில் குரலுக்கு மேலே காலியாகக் கிடந்த அலைவரிசையை 2005-இல் பிராட்பேண்ட் எடுத்துக்கொண்டது. லூப் நீளமானால் வேகம் விழும் என்பதால், எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருப்பவருக்கும் கடைக்கோடி நகரில் இருப்பவருக்கும் ஒரே கட்டணத்துக்கு வேறு வேறு இணையம் கிடைத்தது.

இன்று வானகரம் பக்கம் கம்பங்களில் புதிதாகத் தொங்குவது கண்ணாடி இழை. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஓர் இழை, தெருவில் ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஓர் இழையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 250 கோடி பிட். அதை அத்தனை வீடும் பங்கிட்டுக்கொள்கிறது. எம்.டி.எஃப்.-இல் தொடங்கிய பங்கு வாசல்வரை வந்துவிட்டது. வேகத்தில் செம்பு இதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆனால் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் மொபைல் கோபுரங்களும் அடங்கியபோது, டிராப் வயர் அறாத வீடுகளின் செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் 48 வோல்ட்டை அனுப்ப முடிந்தது. இழை இணைப்பில் அந்த பேட்டரி உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் லேண்ட்லைன் எண்ணை இழைக்கு மாற்றும்போது, மோடத்துக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்றையும் அன்றைக்கே வாங்கி மாட்டிவிடுங்கள். மோடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும்.